மழை மாதங்களில் மீன்தொட்டி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

திருவனந்தபுரத்துக் கரமனையில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் மீனையும் கீரையையும் ஒரே நீரில் வளர்க்கிற அக்வாபோனிக்ஸ்காரர்களுக்கு இடவப்பாதி தொடங்கிக் கர்க்கடகம் முடிகிற வரை, அதாவது ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை, கஷ்டகாலம்தான். வெயில் இல்லை, காற்றில் ஈரம், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இங்கிருந்து டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் போன நம் பிள்ளைகள், அங்கே வீட்டுக்குள் தொட்டி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். இங்கும் அங்கும் பாடம் ஒன்றே. வெளிச்சமோ சூடோ குறைந்தால் தொட்டிக்குள் எல்லாமே மெதுவாகும். அதை அறிந்து தீவனம் போடும் கையும் மெதுவாக வேண்டும். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி இதன் விரிவுதான்.

1. முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் குழாயில் வருவது அகத்தியமலைப் பக்கம் பிறந்த அதே கரமனையாற்றுத் தண்ணீர்தான். 1933 முதல் அருவிக்கரையில் எடுத்துச் சுத்தம் செய்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அதில் இருக்கும் குளோரின் நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கும் தொட்டியில் வளரவேண்டிய நுண்ணுயிருக்கும் கெடுதல். அகலமான பாத்திரத்தில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்தால் போய்விடும். டொராண்டோவில் இருக்கிறவர்கள் இதை நம்பக்கூடாது. அங்கே குளோரமின் சேர்க்கிறார்கள், அது காற்றில் அவ்வளவு எளிதில் போகாது. அலங்கார மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்து வேண்டும். கிணற்றுத் தண்ணீர் என்றால் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் நம் வெட்டுக்கல் பூமியில் கிணற்று நீர் பெரும்பாலும் சற்று அமிலமாகவே இருக்கும். பி.எச். பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

2. கீரைத் தொட்டியில் கருங்கல் ஜல்லி போதும், முக்கால் இஞ்ச் அளவு. சாம்பல் நிறத் தூசி போகும்வரை கழுவுங்கள். கழுவிய கல்லில் நாலைந்தைக் கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றிப் பாருங்கள். கல்லின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்தக் கல் நாள்தோறும் கரைந்து பி.எச்.சை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் போகும்.

3. எங்கே வைப்பது என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். 500 லிட்டர் தண்ணீர் அரை டன். ஜல்லி ஒரு கன மீட்டர் ஒன்றரை டன் வரும். அக்ரகாரத்துப் பழைய வீடுகளின் மரத்தட்டு இந்தச் சுமைக்குக் கட்டியதில்லை. தரையில், முற்றத்தை ஒட்டி, அல்லது கார் நிறுத்துமிடத்தில் வையுங்கள். மொட்டைமாடி என்றால் தூணுக்கும் விட்டத்துக்கும் மேலாக வருமாறு பொறியாளரிடம் கேட்டு வையுங்கள். மேலே தகரத்துக்குப் பதில் ஒளி ஊடுருவும் ஷீட் போட்டால் மழை நீரும் விழாது, இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் வீணாகாது.

4. மீன் விடும் முன் நீர் பழக வேண்டும். மீன் கழிவில் வருவது அம்மோனியா. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவதுதான் கீரைக்கு உணவு. இந்த நுண்ணுயிர்கள் கல்லில் குடியேற நம் ஊர் வெப்பத்தில் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். 17 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றின் வேலை தளரும், 10 டிகிரிக்குக் கீழே பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே இங்கே மேடத்தில், அதாவது ஏப்ரலில் தொடங்குங்கள். இடவ மழையில் தொடங்காதீர்கள். கனடாவில் கோடையில் தொடங்கி, பனி வருவதற்குள் நீரைப் பழக்கிவிடுங்கள். ஏற்கெனவே ஓடுகிற நல்ல தொட்டியிலிருந்து ஒரு சட்டி ஜல்லி கிடைத்தால் கேட்டு வாங்குங்கள், வாரக்கணக்கில் காலம் மிச்சம். சோதனைக் கிட் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். சோதனைக் குழாயில் விட்ட நீர் மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஏறினால் இன்னும் நாளாகவில்லை.

5. மீன் தேர்வில் நம் தெருவுக்கென்று ஒரு தயக்கம் உண்டு. இங்கே பல வீடுகளில் மீன் சமைப்பதில்லை. அதனால் அக்வாபோனிக்ஸ் நமக்கானதில்லை என்று ஒதுங்குகிறார்கள். ஆனால் கீரைக்கு எந்த மீன் என்பது பொருட்டே இல்லை. கோல்டு ஃபிஷ், கோய் இரண்டும் தாராளமாகப் போதும், குளிரையும் தாங்கும். சாப்பிடுகிற வீடுகளில் கிஃப்ட் திலாப்பியா. கொச்சி வல்லார்பாடத்தில் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் மீன்வள மையம் இதன் குஞ்சுகளைப் பொரிக்கிறது. எங்கே வாங்கினாலும் அனுமதி பெற்ற பொரிப்பகத்துக் குஞ்சாக இருக்கட்டும். கரண்ட் அடிக்கடி போகிற வீட்டில் பனையேறி கெண்டை நல்லது, அது காற்றிலிருந்தும் மூச்சு வாங்கும். கரிமீன் ருசிதான், ஆனால் மெதுவாக வளரும், தொடக்கக்காரர் கைக்கு ஒத்துவராது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேண்டவே வேண்டாம். 2000 முதல் நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. வளர்த்து அலுத்துப்போன எந்த மீனையும் ஆற்றில் விடாதீர்கள். 1952இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் திலாப்பியா பெருகி நம் நீர்நிலைகளை என்ன செய்தது என்று கண்ணால் பார்க்கிறோம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமாவையும் அலிகேட்டர் காரையும் பிடித்தார்கள். யாரோ வளர்த்து வைத்திருந்தவை அவை.

6. தீவனம். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். மீனின் பசியைப் பார்த்துத் தீவனம் போடக்கூடாது. கீரை எவ்வளவு எடுத்துக்கொள்ளும், நுண்ணுயிர் எவ்வளவு மாற்றித்தரும் என்று பார்த்துப் போட வேண்டும். இலைக்கீரை நிற்கும் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் கையேட்டின் கணக்கு. அது நல்ல வெயிலுக்கும் வெதுவெதுப்புக்கும் உள்ள கணக்கு. மிதுன மாதத்தில் நாலு நாள் சூரியன் முகம் காட்டாவிட்டால் பாதியாக்குங்கள். அதன்பிறகும் மூடியிருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். மீன் பட்டினியால் சாகாது, வாரக்கணக்கில் தாங்கும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு மிதக்கிற குருணை ஒவ்வொன்றையும் வலையால் எடுத்துவிடுங்கள். அது அடியில் போய் அழுகினால் நுண்ணுயிர் வேலையும் கூடும், பிராணவாயுவும் குறையும். ஒரே நாளில் இரண்டு கேடு. வீட்டில் பேரக்குழந்தைகள் இருந்தால் தீவன டப்பா உயரத்தில் இருக்கட்டும். மீன் வாயைத் திறந்து மேலே வருவதைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் கை நிற்காது.

7. பி.எச். தானாகவே இறங்கும், பயப்பட வேண்டாம். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை மாற்ற ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகிறது. நம் ஊர் மென்னீரில் அந்தச் சேமிப்பு குறைவு, மழைநீர் கலந்தால் இன்னும் குறையும். 6க்குக் கீழே போனால் நுண்ணுயிர் கைவிட்டுவிடும், அம்மோனியா ஏறத் தொடங்கும். சிறு துணிப்பையில் உடைத்த கிளிஞ்சலைக் கட்டி நீர் ஓடும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஜல்லியில் கூடாது என்று சொன்ன அதே சுண்ணாம்பு இங்கே பையளவில் மருந்து, 6.5 வந்ததும் தூக்கிவிடலாம். அவசரப்பட்டுச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டீர்களானால் வேறொரு ஆபத்து. அம்மோனியா குறைந்த பி.எச்.சில் அதிகம் தீங்கு செய்யாது. பி.எச். சட்டென்று ஏறினால் அதே அம்மோனியா கொடிய நஞ்சாகி, மீன் ஒரே இரவில் போய்விடும்.

8. மின்சாரம். மோட்டார் பிளக்குகளை, மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. போட்ட சர்க்யூட்டில் மட்டும் செருகுங்கள். ஈரக்கையோடு தொடும் வேலை இது, இதில் சிக்கனம் கூடாது. ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால், வழிகிற நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மரக்கிளை விழுந்து கரண்ட் போனால், நீரோட்டத்தைவிட முக்கியம் காற்று. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை எப்போதும் சார்ஜ் ஏற்றி வையுங்கள். விடியற்காலையில் மீன் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால் பிராணவாயு போதவில்லை, அன்று தீவனம் இல்லை என்று முடிவு செய்யுங்கள்.

9. மழையில் சிவப்புக் கீரைக்கு இலைக்கருகல் வரும். வெள்ளையம்பலத்துக்காரர்கள் ஆனாலும் கரமனைக்காரர்கள் ஆனாலும் எல்லோருக்கும் இதுதான் புகார். பச்சைக் கீரையை இடையில் கலந்து நடுங்கள், கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழி அது. கோ 1 ரகம் இந்த நோயைத் தாங்கும். புதினா, வள்ளல் கீரை, பொன்னாங்கண்ணி மூன்றும் மழை மாதங்களில் நம்பகமானவை. தக்காளியும் வெண்டையும் வெயில் திரும்பிய பிறகு.

10. பூச்சி வந்தால் புகையிலைக் கஷாயத்தைக் கையில் எடுக்காதீர்கள். மண்ணில் வளர்க்கிற தோட்டத்தில் நம் வீடுகளில் வழக்கமாகத் தெளிப்பது அது. இங்கே அது வடிந்து நேராகத் தொட்டிக்குத்தான் போகும், நிகோடின் மீனைக் கொல்லும். போர்டோ கலவையும் அப்படியே, அதிலுள்ள செம்பு மீனுக்கு ஆகாது. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சித் தள்ளுங்கள், புழுவை விரலால் எடுங்கள்.

11. பனி நாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு. முதலில் மனதில் பயம் வேண்டாம். அமெரிக்க வர்ஜின் தீவுகளின் வெயிலில் ஜேம்ஸ் ராக்கோசி உருவாக்கிய அக்வாபோனிக்ஸ் முறையை, கனடாவின் அல்பெர்ட்டாவில் புரூக்ஸ் என்ற ஊரில் நிக் சவிடோவ் கண்ணாடிக்கூடத்துக்குள் சோதித்து ஓட்டியிருக்கிறார். அங்கே வெளியே குளிர் மைனஸில் முப்பதைத் தொடும். வீட்டுக்குள், அடித்தள அறையில், சிறியதாகச் செய்வது உங்களால் முடியும்.

மீன் எது என்பதை அறையின் வெப்பம் சொல்லட்டும். அடித்தள அறை 15 டிகிரி என்றால் கோல்டு ஃபிஷ்ஷோடு நில்லுங்கள், ஹீட்டரே வேண்டாம், தீவனம் மட்டும் குறையட்டும். திலாப்பியா 27 டிகிரிக்கு மேல் விரும்பும், 20க்குக் கீழே தின்பதைக் குறைக்கும். டிரௌட் குளிர்ந்த நீர் மீன்தானே என்று ஆசைப்படாதீர்கள். நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் அதற்குப் பொரிப்பகம் தொடங்கியது மலை ஓடையின் ஓட்டத்தில். அடைத்த தொட்டியின் சின்னப் பிழையைக்கூட அது மன்னிக்காது. குளிர்நீரில் பிராணவாயு அதிகம் கரையும் என்பது உங்களுக்கு ஒரு நன்மை. 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம், நம் 30 டிகிரியில் ஏழரைதான்.

தொட்டியின் நாலு பக்கமும் அடியிலும் தெர்மோகோல் வையுங்கள், மேலே மூடி போடுங்கள். வெப்பம் அதிகம் போவது நீர் ஆவியாகும் மேற்பரப்பில்தான். மூடாமல் விட்டால் அந்த ஈரம் மூடிய வீட்டின் சுவரில் பூஞ்சையாக ஏறும். கீரைக்கு எல்.இ.டி. விளக்கு 14 மணி நேரம், டைமர் போட்டு. பம்ப் நீரைத் தொட்டிக்கு வெளியே குளிர்ந்த தரையில் நீண்ட குழாயில் ஓட விடாதீர்கள், ஒவ்வொரு மீட்டரிலும் சூடு போகும்.

200 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் ஒன்று வாங்காமல் 100 வாட் இரண்டு வாங்குங்கள். ஒன்று செத்தால் மற்றது ஓரளவு காக்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டால்கூட நீரை அளவு மீறிச் சூடாக்கும் சக்தி அதற்கு இருக்காது. இரண்டும் நின்று தொட்டி குளிர்ந்துபோனால் பதறி வெந்நீர் ஊற்றாதீர்கள். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாமல் மெதுவாகச் சூடாக்குங்கள். திலாப்பியா வைத்திருப்பவர்கள் நீர் 22ஐத் தாண்டி, மீன் தானாக மேலே வந்து தேடும்வரை தீவன டப்பாவைத் திறக்க வேண்டாம். அதற்குப் பிறகும் முதல் மூன்று நாள் ஒரு சிட்டிகைதான், அம்மோனியாவைச் சோதித்துப் பார்த்துவிட்டு.