மாற்றுச் சிறுநீரகம் பெற்ற குழந்தை

நட்ட நாற்று பச்சை பிடித்துவிட்டால் உழவருக்குப் பாதிக் கவலை தீரும். சிறுநீரகம் மாற்றப்பெற்ற குழந்தை வீடு திரும்பியதும் நாமும் அவ்வாறே எண்ணி, நோய் தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். இந்த நடவிலோ, பெரிய ஆபத்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே வருகிறது. இதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் அவசியம்.

சிறு குழந்தைகளின் சிறுநீரகம் கெடுவதற்குப் பெரும்பாலும் பிறவிக் குறையே காரணம். கருவிலேயே அது சரிவர வளராதிருக்கலாம். ஆண் குழந்தையாயின், சிறுநீர்ப் பாதையில் அடைப்பிருந்து நீர் பின்னோக்கித் தேங்கி அதைப் பாழாக்கியிருக்கலாம்.

மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சை முதன்முதலில் வெற்றி கண்டது 1954-ல், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில். நம் வேலூரில் 1971-ல் அது கைகூடிற்று. ஆயினும் பச்சிளங் குழந்தைகளுக்கு இதைச் செய்ய மருத்துவர்கள் நெடுங்காலம் தயங்கினர். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிற்றில் பெரியவர் ஒருவரின் சிறுநீரகத்தை வைத்தால், அதற்கு வேண்டிய இரத்தத்தைக் குழந்தையின் சின்னஞ்சிறு இதயம் செலுத்தியாக வேண்டும். இரத்தம் உறைந்து சில நாட்களிலேயே உறுப்பு அழிந்ததுண்டு. இன்று அவ்விடர் வெகுவாகக் குறைந்துவிட்டது. முதல் ஆண்டைக் கடந்த சிறு குழந்தைகளிடம் இந்த உறுப்பு மற்ற வயதினரிடம் உழைப்பதற்குச் சற்றும் குறையாமல் உழைக்கிறது. குன்றியிருந்த உயரமும் ஓரளவு ஈடாகிறது. ஆறு வயதுக்குள் சிகிச்சை பெற்றவர்களிடம் இவ்வளர்ச்சி நன்கு தெரிகிறது.

பின் ஏன் கவலை? பிறர் உறுப்பை உடல் ஒருநாளும் தனதென ஏற்பதில்லை. அதை அடக்கிவைக்கும் மருந்தைக் காலையும் மாலையும், உறுப்பு உழைக்கும் காலமெல்லாம், தவறாது உட்கொள்ள வேண்டும். சிறு வயதில் தாய் கொடுத்துவிடுகிறாள். பதினாறு, பதினேழு வயதில் பிள்ளை விடுதிக்கோ வேலைக்கோ செல்கிறது. மருந்தினால் முகம் ஊதுகிறதே என்று வெட்கி மாத்திரையை விட்டுவிடும் பெண்களும் உண்டு. விட்ட மறுநாள் ஒரு துன்பமும் தெரியாது. வலி இராது, சிறுநீரும் வழக்கம்போல் கழியும். இரத்தத்தைச் சோதித்தாலன்றிக் கேடு புலப்படாது. மாற்றுச் சிறுநீரகங்கள் மிகுதியாக இழக்கப்படுவது இந்த இளமைப் பருவத்தில்தான் என்பது பல நாட்டுப் பதிவேடுகளிலும் கண்ட உண்மை.

செம்மையாகப் பேணினாலும் ஓர் உறுப்பு வாழ்நாள் முழுவதும் வருவது அரிது. மூன்று வயதில் பெற்றவருக்கு நடுவயதுக்குள் இன்னொன்று தேவைப்படக்கூடும். ஆனால் தாய் ஒருமுறைதான் கொடுக்க இயலும். முதல் உறுப்பை எதிர்த்துப் பழகிய உடலுக்குப் பொருந்தும் மற்றொன்று கிடைப்பதும் கடினம். ஆகவே முதலாவது எத்தனை ஆண்டு நீடிக்கிறதோ அத்தனையும் இலாபமே. (தரகர் ஒருவர் விலைக்கு வாங்கித் தருவதாகச் சொன்னால் நம்பற்க, 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.)

ஊரார் செய்யத்தக்கவையும் உண்டு. இத்தகைய பிள்ளை தாகம் எடுக்காவிடினும் மருத்துவர் குறித்த அளவு நீர் அருந்த வேண்டும். பள்ளியில் தூய குடிநீரும், கேட்டபோது கழிப்பிடம் செல்ல அனுமதியும் வேண்டும். தட்டம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகளைச் சிகிச்சைக்குப்பின் பொதுவாக இப்பிள்ளைக்குப் போடுவதில்லை; ஊரிலுள்ள மற்றக் குழந்தைகள் எல்லோருக்கும் போட்டிருந்தால் அதுவே இதற்குக் காப்பு. காய்ச்சல் கண்டால் கடையில் வலி மாத்திரை வாங்கித் தரலாகாது. அவற்றுட் சில சிறுநீரகத்தையே கெடுக்கும். வேறு சில மருந்துகள் அன்றாட மாத்திரையின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ விடும். சிகிச்சை செய்த மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரிலும், பள்ளி ஆசிரியரிடத்திலும் எழுதி வைத்து, முதலில் அங்கே கேட்க வேண்டும்.