யானை வாய்க் கரும்பும் கேம் வாலட்டும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

அக்கா மகன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். பொங்கலுக்குப் பெரியவர்கள் காலில் விழுந்து சேர்த்த பணத்தில் ஐயாயிரத்தை, கணினி கேம் விற்கும் ஸ்டீம் கடையின் வாலட்டில் ஏற்றி வைத்திருந்தான். மாசி மாதம் கல்லூரிச் சுற்றுலா அறிவிப்பு வந்தது.

"மாமா, வாலட்ல ஐயாயிரம் சும்மா கிடக்கு. அதை ஜீபேக்கு மாத்திட்டா டூருக்குக் கட்டிடலாம். எப்படி மாத்துறதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஆளுக்கு ஒன்றாகச் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மொத்தம் எட்டு. வாலட்டில் காசு முடங்கிப்போன பல பிள்ளைகள் கேட்டிருக்கக்கூடிய எட்டுதான் அவை. அதனால் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நம்பிக்கை 1: வாலட்டில் இருப்பது என் பணம். கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

உண்மை: அது உங்கள் பணமாக இருந்தது, ஏற்றுகிற நிமிடம் வரை. பொருட்காட்சிக்குப் போகிறோம், ராட்டினத்துக்கு டோக்கன் வாங்குகிறோம். டோக்கன் கைக்கு வந்த பிறகு அதை வைத்துச் சுற்றலாம், வெளியே வந்து டீ குடிக்க முடியாது. ஸ்டீம் வாலட் அந்த டோக்கன்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ நகரிலிருந்து இயங்கும் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கிய கடை ஸ்டீம். கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் 'சம்மதம்' சொன்ன ஒப்பந்தத்தில் இது தெளிவாக இருக்கிறது. வாலட் தொகைக்கு ஸ்டீமுக்கு வெளியே மதிப்பு கிடையாது, அதை ரொக்கமாக மாற்ற முடியாது, இன்னொருவர் கணக்குக்கு அனுப்பவும் முடியாது.

இது அமெரிக்கக் கம்பெனியின் அடாவடி என்று நினைக்க வேண்டாம். நம் ரிசர்வ் வங்கியின் 2021 வழிகாட்டுதலிலும் இந்த வகை உண்டு. ஒரு நிறுவனம் தன்னிடமே பொருள் வாங்குவதற்காக மட்டும் தரும் முன்பணக் கணக்கு 'மூடிய' வகை. அதிலிருந்து ரொக்கம் எடுக்க அனுமதி இல்லை. பேடிஎம் போன்றவற்றையும் இதையும் 'வாலட்' என்ற ஒரே பெயரில் அழைப்பதால் வருகிற குழப்பம் இது.

நம்பிக்கை 2: எழுதிக் கேட்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தருவார்கள்.

உண்மை: இது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. வாலட்டில் நேரடியாக ஏற்றிய பணத்தை 14 நாட்களுக்குள் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அதில் ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்கக் கூடாது. வெளிக்கடையில் வாங்கிய ஸ்டீம் கார்டின் எண்ணைப் போட்டு ஏற்றிய தொகைக்கு இந்தச் சலுகையும் இல்லை.

ஆனை வாய்க் கரும்பு என்பார்கள். இந்த யானை 14 நாள் வாயைத் திறந்தே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பொங்கலுக்குக் கொடுத்த கரும்பை மாசியில் கேட்டால் அது ஜீரணமாகியிருக்கும்.

நம்பிக்கை 3: வாலட் காசில் கேம் வாங்கி, உடனே ரத்து செய்து, ரீஃபண்டை வங்கிக்குக் கேட்டால் போச்சு.

உண்மை: யோசனை பிரமாதம். நடக்காது. 2015 ஜூனிலிருந்து ஸ்டீமில் ரீஃபண்ட் வசதி இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் கேட்கலாம். ஆனால் பணம் வந்த வழியேதான் திரும்பும். வாலட்டில் வாங்கியது வாலட்டுக்கே போகும்.

இதற்குள்ளே ஒரு பயனுள்ள பாடம் இருக்கிறது. வங்கியிலிருந்து நேரடியாகக் கட்டி வாங்கிய கேமை ரத்து செய்யும்போது, பணம் வாலட்டுக்குப் போகட்டுமா, கட்டிய வழிக்கே போகட்டுமா என்று கேட்பார்கள். அவசரத்தில் பலரும் வாலட்டைத் தட்டிவிட்டு, பிறகு என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

நம்பிக்கை 4: மார்க்கெட்டில் ஸ்கின் விற்றால் காசு.

உண்மை: விற்கலாம், காசும் வரும், ஆனால் அதே வாலட்டுக்குள். 2012 டிசம்பரில் திறந்த ஸ்டீம் சமூகச் சந்தையில் துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின், தொப்பி, அட்டை என்று எல்லாம் கைமாறுகின்றன. ஒவ்வொரு விற்பனையிலும் ஸ்டீமுக்கு 5 சதவீதம். கவுண்டர் ஸ்ட்ரைக், டோட்டா போன்ற கேம்களின் பொருளாக இருந்தால் கேமின் பங்காக இன்னும் 10 சதவீதம். வாங்குபவர் 5,000 கொடுத்தால் விற்பவருக்குச் சேர்வது ஏறக்குறைய 4,348 ரூபாய்.

"அப்ப வாலட் காசுல ஸ்கின் வாங்கி, வெளியில உள்ள சைட்ல ரொக்கத்துக்கு விக்கலாம்ல?" என்றான். நடைமுறையில் 'கேஷ் அவுட்' என்று பேசப்படுவது பெரும்பாலும் இதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்க்கெட்டில் வாங்கிய ஸ்கினை ஏழு நாள் வேறு யாருக்கும் மாற்ற முடியாது. வெளிச் சந்தையில் விலை பெரும்பாலும் ஸ்டீம் விலையைவிடக் குறைவு. காரணம் எளிது: உள்ளே கொடுக்கப்படுவது டோக்கன், வெளியே கொடுக்கப்படுவது ரொக்கம். ரொக்கத்துக்கு மவுசு அதிகம். 5,000 ரூபாய் ஸ்கின் வெளியே 3,600க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தளத்தின் கமிஷனும் போய் மூவாயிரத்துச் சொச்சம் கையில் நிற்கும். ஆக, யாரும் ஸ்டீமிலிருந்து பணம் எடுப்பதில்லை. தங்கள் டோக்கனை அடிமாட்டு விலைக்கு இன்னொருவர் தலையில் கட்டுகிறார்கள்.

அந்த ஏழு நாளில் விலை அப்படியே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. 2025 அக்டோபரில் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் வந்த ஒரு மாற்றம், ஐந்து சிவப்பு ரக ஸ்கின்களைக் கொடுத்துக் கத்தி பெறலாம் என்றது. அரிதாக இருந்த கத்திகளின் விலை ஒரே இரவில் சரிந்தது. அதைச் சேமிப்பாக நினைத்து வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்து தலையில் கை வைத்தார்கள்.

நம்பிக்கை 5: பெட்டி திறக்கும் சாவியை வாங்கி விற்றால் நஷ்டமே வராது.

உண்மை: இது பழைய செய்தி. ஒரு காலத்தில், ஸ்கின் பெட்டிகளைத் திறக்கும் கவுண்டர் ஸ்ட்ரைக் சாவிகள் கிட்டத்தட்ட நாணயம் போலவே புழங்கின. விலை நிலையாக இருந்தது, எங்கும் செல்லுபடியானது. அந்த வசதி திருடர்களுக்கும் பிடித்துப் போனது. திருட்டு அட்டையில் சாவி வாங்கி, சாவியை விற்று, பணத்தை வெளுத்தார்கள். 2019 அக்டோபரில் வால்வ் கதவைச் சாத்தியது. அதன்பின் வாங்கும் சாவிகளை விற்கவும் முடியாது, கைமாற்றவும் முடியாது. கைமாறிக்கொண்டிருந்த சாவிகளில் ஏறக்குறைய எல்லாமே மோசடிப் பணத்தில் வந்தவை என்று நம்புவதாக நிறுவனமே அறிவித்தது.

நம்பிக்கை 6: ஸ்டீம் லாகின் பொத்தான் இருக்கும் தளம் என்றால் ஸ்டீமின் கூட்டாளித் தளம்.

உண்மை: அந்தப் பொத்தானை யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் வைக்கலாம். அது 'இவர் இந்தக் கணக்குக்காரர்' என்று மட்டும் சொல்லும். தளத்துக்கு நற்சான்று தராது. போதாக்குறைக்கு, பொத்தானை அமுக்கியதும் திறக்கும் ஜன்னலே போலியாக இருக்கலாம்.

போலி ஜன்னலில் கடவுச்சொல்லும் கைபேசிக் குறியீடும் போட்டால் என்ன ஆகும்? மோசடிக்காரர் உங்கள் கணக்கில் ஏபிஐ சாவி (கணக்கை வேறு மென்பொருள் வழியே இயக்கும் அனுமதி) ஒன்றை உருவாக்கி, உங்கள் பரிமாற்றங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஸ்கினை ஒருவருக்கு அனுப்பும் நேரத்தில் அதை ரத்து செய்துவிட்டு, அதே பெயர், அதே படம் கொண்ட வேறொரு கணக்கிலிருந்து கோரிக்கை அனுப்புவார். நீங்களே உங்கள் கைபேசியில் 'சரி' என்று தட்டுவீர்கள். பூட்டை உடைக்காத திருட்டு.

2025 ஜூலையில் கவுண்டர் ஸ்ட்ரைக் பொருட்களுக்கு ஒரு பாதுகாப்பு வந்தது. கைமாறிய ஏழு நாளுக்குள் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். திருட்டுக்கு இது நல்ல மருந்து. ஆனால் விற்பவருக்கு இன்னொரு வாரக் காத்திருப்பு. வாங்குபவர் அந்த ஏழு நாள் கழியாமல் எதற்குப் பணம் தருவார்? டூருக்கு அவசரமாகப் பணம் தேடுகிறவனுக்கு, மார்க்கெட்டில் வாங்கியபோது காத்த ஏழு நாளையும் சேர்த்து மொத்தம் இரண்டு வாரம் போய்விடும்.

நம்பிக்கை 7: ஜீபேயில் காசு விழுந்துவிட்டால் கதை முடிந்தது.

உண்மை: நம் ஊரில் கதையே அங்கேதான் தொடங்குகிறது. முகம் தெரியாத ஒருவர் உங்கள் ஸ்கினுக்கோ கணக்குக்கோ 3,600 அனுப்புகிறார். அந்தப் பணம் யாரோ ஒரு பெரியவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால்? அவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் தருவார். பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு போலீஸ் வரும். வழியில் இருக்கும் வங்கிக் கணக்குகள் முடக்கப்படும். அதில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். கேம் ஸ்கின் விற்ற காசு என்று வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கடைக்குள் மட்டும் செல்லும் காசுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த ஒரு பொறியாளர், சோதனைக் கணக்குகள் வழியாக ஒரு கோடி டாலர் மதிப்புள்ள எக்ஸ்பாக்ஸ் பரிசு அட்டை எண்களைத் திருடி, தள்ளுபடி விலையில் விற்று, ஏரிக்கரையில் வீடும் டெஸ்லா காரும் வாங்கினார். 2020 நவம்பரில் ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை. ஒவ்வொரு எண்ணுக்கும் தடம் இருந்தது.

கணக்கையே மொத்தமாக விற்கலாம் என்பதும் இதே ரகம்தான். ஒப்பந்தப்படி கணக்கை விற்கக் கூடாது. தெரிந்தால் முடக்குவார்கள், உள்ளே இருக்கும் கேம்களும் அதோடு போகும்.

நம்பிக்கை 8: ரம்மி ஆப்பில் எடுக்க முடிந்ததே! மனசு வைத்தால் கேம் கம்பெனியும் கொடுக்கலாம்.

உண்மை: ரம்மியில் எடுக்க முடிந்ததால்தான் அது பணம் வைத்து ஆடும் ஆட்டம் ஆனது. அப்படிப்பட்ட இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. மூடிய வாலட் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. கதவு பூட்டியிருப்பது கருமித்தனத்தால் மட்டுமல்ல. பெட்டியைத் திறந்தால் அதிர்ஷ்டப்படி ஸ்கின் வரும், அதைக் கடையிலேயே ரொக்கமாக்கலாம் என்று வைத்தால், சூதாட்டத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? ஸ்கின்களைப் பணயமாக வைத்த சூதாட்டத் தளங்கள் பெருகியபோது, 2016 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலச் சூதாட்ட ஆணையம் வால்வ் நிறுவனத்தையே கேள்வி கேட்டது.

கதவைத் திறந்து பார்த்தவர்களும் உண்டு. பிளிஸார்ட் நிறுவனம் 2012இல் டயாப்ளோ 3 கேமுக்குள் நிஜப் பணத்தில் ஏலக்கடை வைத்தது. விற்ற காசை வெளியே எடுக்க 15 சதவீதக் கட்டணம். வாளைப் போராடி வெல்வதைவிடக் கடையில் வாங்குவது சுலபம் என்றான பிறகு, ஆட்டத்தின் ருசியே கெட்டுவிட்டது. 2014 மார்ச்சில் நிறுவனமே கடையை மூடியது. ரோப்லாக்ஸ் என்ற கேம் தளத்தில் இன்றும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது கேம் உருவாக்குபவர்களுக்கு: உழைத்துச் சம்பாதித்த ரோபக்ஸ் (அந்தத் தளத்தின் நாணயம்) குறைந்தது 30,000 இருந்தால் டாலராக்கலாம். காசு கொடுத்து வாங்கிய ரோபக்ஸுக்கு அங்கேயும் கதவு பூட்டுதான். செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தின் நாணயமான லிண்டன் டாலரை வெளியே எடுக்கலாம். அதற்காக அந்த நிறுவனம் பணப் பரிமாற்ற உரிமம் பெற்ற தனிப் பிரிவையே உருவாக்கியது. மனசு மட்டும் போதாது, உரிமமும் வேண்டும்.

எட்டையும் படித்துவிட்டு அவன் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப என் ஐயாயிரம்?"

அது எங்கும் போகவில்லை, கேமாக மட்டுமே வெளியே வரும் என்றேன். தள்ளுபடிக் காலம் வரும்வரை காத்திருந்து, வாங்க நினைத்ததை வாங்கலாம். ஸ்டீமிலேயே நண்பர் பட்டியலில் இருக்கும் பெரியப்பா மகனின் பிறந்தநாளுக்கு ஒரு கேமைப் பரிசாக அனுப்பலாம். இரண்டிலும் ஐயாயிரம் ஐயாயிரமாகவே இருக்கும். அதை மூவாயிரமாக்க அவசரப்படுவானேன்?

டூர் பணத்தை அக்காவே கட்டினாள், இரண்டு வசவோடு. நான் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். ஸ்டீமில் கேம் வாங்க வாலட்டே தேவையில்லை. வாங்குகிற அன்று, அந்த விலையை மட்டும் யுபிஐயில் நேரடியாகக் கட்டலாம். அதுவரை பணம் வங்கியில் இருக்கட்டும். கேமாகவும் ஆகலாம், டூராகவும் ஆகலாம். பொங்கல் கரும்பைக் கணுக் கணுவாகத்தான் கடிக்க வேண்டும். முழுக் கழியையும் யானையிடம் நீட்டிவிட்டு, பிறகு அதன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.