ஜன்னலும் ஒரு மருந்து!
(மூன்றாமாண்டு, சிவில்)

விழுப்புரத்தில் ரயிலேறி, திண்டிவனம் தாண்டி, தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் ‘தாம்பரம் சானடோரியம்’. அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா?

1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு மருத்துவமனை தொடங்கினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அப்போது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943-இல்தான். காற்று, வெயில், ஓய்வு, சாப்பாடு, இவைதான் வைத்தியம். அதாவது கட்டடமே பாதி மருந்து!

இந்தப் பாடத்தை உலகம் கற்றது துருக்கியில். கிரிமியப் போரின்போது இஸ்தான்புல் ஸ்குடாரியில் ஒட்டோமான் படை தங்கும் பெரிய கட்டடத்தை ஆங்கிலேயர் ஆஸ்பத்திரியாக்கினார்கள். அடியிலே அடைத்த சாக்கடை, உள்ளே காற்றில்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். மார்ச்சில் ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடையைக் கழுவி, காற்றுக்கு வழிவிட்டது. ஜூனில் அது 2 ஆனது! அதே ஆண்டு பொறியாளர் புரூனல், மர வார்டுகளைப் பகுதி பகுதியாக இங்கிலாந்தில் செய்து, கப்பலில் அனுப்பி, ரெங்கியோயில் நிறுத்தினார். (நம்ம ‘பிரீஃபேப்’ பாடம்தான்.)

ஸ்குடாரியில் பணிசெய்த நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் மருத்துவமனைகள் பற்றிப் புத்தகமே எழுதினார். தனித்தனிக் கட்டடமாக நீள வார்டு, இரு பக்கமும் எதிரெதிரே ஜன்னல். கெட்ட காற்றுதான் நோய் தருகிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். அது தப்பு, கிருமியை 1882-இல் காக் காட்டினார். ஆனால் காசநோய்க் கிருமி பரவுவது காற்றில்தானே! காரணம் தப்பு, கட்டடம் சரி.

எங்க ஆயாவுக்கு டி.பி. வந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பக்கம் ஜன்னல், எதிரே ஸ்டோர் ரூம் சுவர். பள்ளிக்கூடம் போகாத எங்க அப்பா கொத்தனார். பார்த்ததும், “காத்து உள்ள வந்தா வெளிய போக வழி வேணாமாடா?” என்றார். நம் பாடத்தில் ‘கிராஸ் வென்டிலேஷன்’ என்று படிப்பது அதைத்தான்.

வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியம் அளவுக்குக் குணமாகும் என்று 1959-இல் சென்னை ஆய்வு காட்டிவிட்டது. அதற்காக ஜன்னலை அடைக்கலாமா? டிராயிங்கில் வார்டு போடும்போது வராந்தாவைத் திறந்தே விடுங்கள். சுவர் வந்துதான் தீரும் என்றால் லிண்டலுக்கு மேலே வென்டிலேட்டர் வையுங்கள், எதிர்ச் சுவரிலும் சேர்த்து.