கணை தேர்தலும் செம்மை செய்தலும்

நம் கடலூருக்கு மேற்கே, பண்ணுருட்டியை அடுத்த திருவதிகை, அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. சிவபெருமான் முப்புரம் எரித்த இடமெனப் போற்றப்படுவது. மேருமலை வில், வாசுகி நாண், திருமால் அம்பு. அம்பின் முனையில் தீக்கடவுள், இறகில் காற்றுக்கடவுள் என்பது புராணம். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு இயற்பியல் மாணவனாக எண்ணிப் பார்த்தேன். கனமும் வேகமும் முன்னே, காற்றைப் பற்றி நிறுத்தும் உறுப்பு பின்னே! அம்பு செய்யத் தெரிந்தவர்களின் அறிவு அந்தக் கதைக்குள் புகுந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

சென்ற ஆண்டு துறைக் கண்காட்சிக்காக நண்பர்கள் மூவர் மூங்கில் வில் ஒன்று செய்தோம். வில்லுக்கு இரண்டு மாதம் செலவிட்டோம். அம்புக்கோ ஒரு மாலைப்பொழுதுதான். நம் பகுதியில் மலிந்து கிடக்கும் சவுக்கின் மெல்லிய கொம்புகளைச் சீவி எய்தோம். மூன்றாவது அம்பு நாணை விட்டதும் முறிந்தது. அதன் சிம்பு நண்பனின் இடக்கைப் பெருவிரல் அடியைக் கிழித்துச் சென்றது. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் உள்ளங்கையிலேயே பாய்ந்திருக்கும். வில்லைவிட அம்பே கடினமான பொருள் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

காரணம் இதுதான். நாண் அம்பைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. முனையின் கனமோ முன்னே செல்லத் தயங்குகிறது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட தண்டு வில்லாய் வளைகிறது. அம்பு நேராகப் போவதாக நம் கண் சொல்வது பொய். அது மீன்போல் நெளிந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, சில முறை அசைந்த பின்னரே நேர்படுகிறது. 1930களில் அமெரிக்காவில் அதிவேகப் படம் பிடித்து இதை உறுதி செய்தனர். ஆகவே, தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதோடு, எவ்வளவு வளையும் என்பதும் கேள்வியாகிறது.

அளப்பது எளிது. 26 அங்குல இடைவெளியில் இரு ஆணிகள்மேல் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அந்த எண்ணால் 26ஐ வகுத்தால், எத்தனை பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்கு அது பொருந்தும் என்பது கிடைக்கும். சுருள்வில் தராசு கொண்டு பார்த்ததில் எங்கள் வில்லின் இழுவிசை 35 பவுண்டு. அப்படியானால் தொய்வு ஏறக்குறைய முக்கால் அங்குலம். பிடியில் பள்ளம் வெட்டாத பழைய முறை வில்லுக்குச் சற்றுக் கூடுதலாகத் தொய்வதே ஏற்றது. அம்பு அதிகமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமல்லவா!

இம்முறை மூங்கிலை நாடினோம். மழைக்காலம் கழிந்த பின் வெட்டி, நீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தியதே நல்லது. இல்லையேல் மாவுச்சத்தை நாடி வண்டு துளைக்கும். பிளாச்சுகளை உருட்டிச் சீவி, கோணலை நெருப்பனலில் வாட்டி நிமிர்த்தினோம். ஒன்று சொல்ல வேண்டும்: உருண்டைத் தண்டின் விறைப்பு குறுக்களவின் நான்காம் படியைப் பொறுத்தது. 8 மில்லிமீட்டர்த் தண்டில் அரை மில்லிமீட்டர் தேய்த்தாலே விறைப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். உப்புத்தாளைக் கையில் எடுத்தவன் அவசரப்படக் கூடாது. எடையும் பார்க்க வேண்டும். எங்கள் வில்லுக்கு 22 கிராமுக்குக் குறைந்த அம்பு ஆகாது. மிக இலேசான அம்பை எய்தால் மிஞ்சிய விசை வில்லையே தாக்கும்.

வடமொழி வில்நூல்கள் முன்புறம் தடித்த கணையைப் பெண் என்றும், பின்புறம் தடித்ததை ஆண் என்றும், ஒரே பருமன் உள்ளதை அலி என்றும் வகுத்து, குறிபார்க்கும் பயிற்சிக்கு மூன்றாவதையே சொல்கின்றன. எங்களுக்கும் அதுவே கைகொடுத்தது.

அடுத்தது செம்மை செய்தல். இறகு கட்டாமலே பத்தடி தொலைவிலிருந்து வைக்கோல் கட்டில் எய்து பார்க்க வேண்டும். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அம்பு இடப்புறம் சாய்ந்தால் தண்டு விறைப்பு மிகுந்தது. நடுப்பகுதியைச் சிறிது தேய்க்கலாம், அல்லது முனையைக் கனமாக்கலாம். வலப்புறம் சாய்ந்தால் தளர்ச்சி. நாண் இழுக்கும் அளவுக்கு இடமிருந்தால் நீளத்தைக் குறைக்கலாம், அல்லது இலேசான முனை போடலாம். அதன்பின் மூன்று இறகுகள். அவை ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். இடமும் வலமும் கலந்தால் அம்பு சுழல்வதா வேண்டாமா என்று திகைக்கும். வான்கோழி இறகே போதுமானது. மயிலையும் பருந்தையும் நாடுவது குற்றம்.

வேட்டையும் அப்படியே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வில்லேந்திக் காட்டுக்குள் செல்ல இடமில்லை. ஆயின் அந்த அறிவு வேட்டையிலிருந்தே வந்தது. செம்மையில்லாத அம்பு மானைக் கொல்லாது, புண்படுத்தி ஓடவிடும். பசியோடு பின்தொடர்ந்தவனுக்கு அது எத்தனை பெரிய இழப்பு! வயநாட்டுக் குறிச்சியர் 1802இல் தலக்கல் சந்துவின் தலைமையில் பனமரம் கோட்டையைத் தாக்கியதும் வில்லும் அம்பும் கொண்டுதான். இன்று நம் நாட்டின் 'இந்தியன் ரவுண்ட்' போட்டியில் மூங்கில் வில்லும் மர அம்பும் 30, 50 மீட்டர் தொலைவுகளில் களம் காண்கின்றன.

முப்பது தண்டுகளில் எங்களுக்குத் தேறியவை பன்னிரண்டே. ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் அவற்றைக் காதருகே மெல்ல வளைத்துக் கேட்கிறோம். 'கிர்' என்ற ஓசை எழுந்தால் வேறு யாரும் தெரியாமல் எடுத்து எய்துவிடாதபடி அங்கேயே இரண்டாக முறித்துவிடுகிறோம். இதுவரை நான்கு முறித்தாயிற்று. அந்தத் துண்டுகள் ஆய்வகத்து மூலையில் கிடக்கின்றன, விரும்புவோர் வந்து பார்க்கலாம்.