ஏரிக்கரைக்கும் போய்ப் பாருங்கள்

செயற்கைக்கோள் வேலை என்றால் பலருக்கு ராக்கெட் ஏவுவதுதான் நினைவுக்கு வருகிறது. ஏவிய பிறகு ஆண்டுக்கணக்கில் குவியும் படங்களைப் படித்துப் பொருள் சொல்வதும் பெரிய தொழில். புவியியல், இயற்பியல், சிவில், வேளாண்மை என எதைப் படித்தவரும் இதற்குள் நுழையலாம்.

தொடங்கக் காசு வேண்டாம். 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படக் களஞ்சியம் 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கின்றன. படங்களை அலச உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம்தான். உங்கள் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும், அகச்சிவப்பை விழுங்கிவிடும். அந்த வேறுபாட்டை வைத்து நீர்ப்பரப்பைக் கணக்கிடுங்கள். பிறகு கரைக்குப் போய்ப் பாருங்கள். ஆகாயத்தாமரை மூடிய இடத்தைச் செடி என்று கணினி தள்ளியிருக்கும். அடியில் தண்ணீர் நிற்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல படங்களில் மேகம்தான் தெரியும். அப்போது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்துக்கு மாறுங்கள். எந்தெந்த இடத்தில் கணக்கு தவறியது என்று அட்டவணை போட்டு விண்ணப்பத்தோடு இணையுங்கள். பத்துச் சான்றிதழை விட அது பேசும்.

இந்தச் சரிபார்ப்பை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. அண்டார்க்டிகாவில் ஓசோன் சரிவதை 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் உலகுக்குச் சொன்னது, ஹாலி ஆய்வுநிலையத்தின் தரைக்கருவி தந்த அளவீடுகளை வைத்துத்தான். மேலே சுற்றிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் அதே சரிவைப் பதிவு செய்திருந்தது. எண்கள் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்ததால் சந்தேகக் குறியோடு நின்றுவிட்டன. அவற்றை மறுபடி ஆராய்ந்தபோது, ஓசோன் ஓட்டை கண்டம் முழுக்க விரிந்து கிடப்பது தெரிந்தது.

காற்று மாசில் இன்னும் கவனம் வேண்டும். 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி நைட்ரஜன் டை ஆக்சைடை நாள்தோறும் அளக்கிறது. அது தருவது தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரையுள்ள மொத்த அளவு. மக்கள் சுவாசிக்கும் உயரத்தில் இருப்பது வேறு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தரைநிலைய எண்களோடு ஒப்பிடாமல் அறிக்கை எழுதாதீர்கள்.

முறையாகப் படிக்கக் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கிறது. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழிக் குறும்படிப்புகளை இலவசமாக நடத்துகிறது. பொறியியல் முதுகலைக்கான கேட் நுழைவுத் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸ் தாள் உண்டு. கூடவே பைத்தான் நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான படங்களைக் கையால் திறந்து மாளாது.

ரேடாரையும் ஒதுக்கிவிடாதீர்கள். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நைசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பிவரும் ரேடார் செயற்கைக்கோள் அது. ரேடார் படம் கண்ணுக்குப் பழக நாளாகும், அதனால் ஏரிக் கணக்கு கைவந்ததுமே ரேடார் படங்களைப் பழகத் தொடங்கிவிடுங்கள்.