நிலையான உருவமில்லாத புரதங்களைப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

பதுளை, பசறை, ஹாலி-எல தோட்டங்களிலிருந்து உயிரியல் படித்து ஆய்வுகூடத்துக்குள் கால் வைக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

1. மலேரியாவிலிருந்து தொடங்குங்கள். மேலே தோட்டத்துக் குளிரில் அது குறைவாகவே இருந்தது. கீழே இறங்கினால் வெல்லவாய, புத்தல, கதிர்காமம் எல்லாம் அந்தக் காய்ச்சலை நன்றாக அறிந்த ஊர்கள். 1980களில் மலேரியா ஆய்வாளர் கமினி மென்டிஸின் குழு கதிர்காமத்தில் இந்த நோயை ஆராய்ந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா ஒழிப்புச் சான்று தந்தது. ஆனாலும் 1963இல் 17 நோயாளிகளாகக் குறைந்துவிட்டு, 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டித் திரும்பி வந்த நோய் இது. அதனால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது. நிலையான உருவமில்லாத புரதங்கள் அதன் ஒட்டுண்ணியிலும் உண்டு.

2. உருவம் நிலைக்காத புரதத்தில் பிறபொருளெதிரி எதைப் பிடிக்கும்? நுளம்பு கடிக்கும்போது நம் உடலுக்குள் வரும் ஃபல்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தைப் பாருங்கள். அதன் நடுப்பகுதியில் அஸ்பரஜின், அலனின், அஸ்பரஜின், புரோலின் என்ற நான்கு அமினோ அமிலங்கள் ஏறத்தாழ நாற்பது தடவை திரும்பத் திரும்ப வரும். அந்தப் பகுதி ஓயாமல் அசையும். ஆனால் இதே வரிசையை இரண்டு இடம் தள்ளி, அஸ்பரஜின்–புரோலின்–அஸ்பரஜின்–அலனின் என்று வாசியுங்கள். அந்த நான்கும் சேர்ந்து சின்னதாக ஒரு பீற்றாத் திருப்பம் வளையும். பிறபொருளெதிரி தேடுவது அந்த வளைவைத்தான். வந்து வந்து கலையும் வளைவை அது பிடித்து நிறுத்திவிடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் பல ஒட்டும்போது அவை ஒன்றையொன்று தொட்டுத் தாங்கிக்கொள்ள, தளர்ந்து கிடந்த சங்கிலி சுருளாக ஒழுங்குபடுகிறது. எனக்கு இதைவிட அழகான காட்சி உயிரியலில் இல்லை.

3. திரும்பத் திரும்ப வரும் பகுதி தொடங்கும் சந்தியை விட்டுவிடாதீர்கள். சிஐஎஸ்43 என்ற பிறபொருளெதிரி அங்கேதான் ஒட்டுகிறது. அதன் நீடித்து நிற்கும் வடிவத்தை மாலி நாட்டில் உடல் எடையின் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஒரே தடவை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் தொற்றுக்கு எதிராக 88 சதவீதப் பாதுகாப்பு என்று 2022இல் வெளியானது. 2021இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்டிஎஸ்,எஸ் மலேரியாத் தடுப்பூசியில் அந்தச் சந்தியே இல்லை.

4. எலைசாத் தட்டில் நிறம் வந்ததும் குதிக்காதீர்கள். எம்எஸ்பி2 என்ற இன்னொரு மலேரியாப் புரதத்தில் இதைக் கண்டார்கள்: 6டி8 என்ற பிறபொருளெதிரி, ஆய்வுகூடத்தில் செய்த புரதத்தை நன்றாகப் பிடித்தது, ஒட்டுண்ணியின் மேல் இருக்கும் அதே புரதத்தைப் பிடிக்கவில்லை. கொழுந்துக்கூடைக் கயிறு தரையில் கிடக்கும் விதம் வேறு, தலையில் ஏறியதும் இழுபடும் விதம் வேறு. புரதம் ஒட்டுண்ணியின் மென்சவ்வை ஒட்டி நிற்கும்போது, 6டி8 பிடிக்கும் பகுதி சுருண்டு மறைந்துபோகிறது. ஆகவே ஒட்டுண்ணியிலேயே சோதித்துப் பார்க்கும் வரை, ‘பிடிக்கிறது’ என்று குறிப்பேட்டில் எழுத வேண்டாம்.

5. வேலை மேசையில்: இந்தப் புரதங்கள் பலவும் கொதிக்கவைத்தாலும் கட்டிபடாமல் கரைசலிலேயே நிற்கும், சுத்திகரிக்க அது வசதி. ஜெல்லில் ஓடவிட்டால் உள்ளதைவிடப் பெரியதாகத் தெரியும், அதைப் பார்த்து மாதிரியைக் கொட்டிவிடாதீர்கள். புரதத்தை வெட்டும் நொதிகளுக்கு இவை மிக எளிதாக இரையாகும். எப்போதும் ஐஸில் வையுங்கள். நொதித் தடுப்பானை முதலிலேயே சேருங்கள்.