முதல் பனியும் முதல் மழையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் முன்னோர் வாக்கு. இதில் 'தேடி' என்னும் சொல்லை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பட்டம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதன்று. அவரவர் நிலத்தில் அதைத் தேடிக் காணவேண்டும் என்றே நான் பொருள் கொள்கிறேன். இப்பொருள் எனக்கு விளங்கியது ஒரு தோல்வியினால்தான்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில் தோட்டக்கலை பற்றிய ஒரு மேனாட்டு நூலைப் படித்தேன். குளிர்நாடுகளில் தோட்டம் போடுவோர் இரண்டு தேதிகளை வைத்தே எல்லாவற்றையும் கணக்கிடுகிறார்கள். ஒன்று, வசந்தத்தில் கடைசியாக உறைபனி விழும் நாள். மற்றொன்று, இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி விழும் நாள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களே செடியின் ஆயுள். கடைசிப் பனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தக்காளி விதையை வீட்டிற்குள் முளைக்க வைத்து, பனி நின்ற பிறகு நாற்றை வெளியே நடுகிறார்கள். பயிர் விளைய எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாளை முதல் பனியிலிருந்து பின்னோக்கி எண்ணி, விதைக்கும் நாளைக் குறிக்கிறார்கள்.

இக்கணக்கு என்னை மிகவும் கவர்ந்தது. எங்கள் ஊர் கொல்லிமலையில் இருக்கிறது. அங்கே மார்கழியில் பல் கிட்டும் குளிர் உண்டு. ஆனால் நிலத்தில் பனி உறைந்ததாக என் ஆயாகூடச் சொன்னதில்லை. பனியே இல்லையென்றால் பன்னிரண்டு மாதமும் நமக்கே சொந்தம் என்று எண்ணிவிட்டேன். மேட்டுக்காட்டில் ஒரு துண்டை எனக்கென்று விடச் சொன்னேன். அம்மா அதில் சாமை விதைக்காமல் விட்டார்கள். உதவித்தொகைப் பணத்தில் பீன்ஸ் விதை வாங்கிப் புரட்டாசி நடுவில் ஊன்றினேன். பூவெடுக்கும் வேளையில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. பூ உதிர்ந்தது, வேர் அழுகியது. விதைப் பணமும் போயிற்று, அந்தத் துண்டில் விளைந்திருக்க வேண்டிய சாமையும் போயிற்று. அப்பா கோபிக்கவில்லை. "பனி இல்லைன்னா தேதியே இல்லைன்னு ஆயிடுமா, கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்குப் பிறகுதான் பனியின் இயல்பை ஒழுங்காகப் படித்தேன். காற்று மண்டலத்தில் 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கொல்லிமலையின் மேட்டுநிலம் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆகவே உதகையில் வெப்பமானி சுழியைத் தொடும் இரவில், மற்றவை ஒத்திருந்தால், எங்கள் மலையில் 6 அல்லது 7 டிகிரியாவது இருக்கும்.

நீலகிரியில் பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் நீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற இடங்கள் வெளுத்துக் கிடக்க, அருகிலுள்ள சரிவு தப்பிவிடுகிறது. நாலடி உயரத்து வெப்பமானி 3 டிகிரி காட்டினாலும் புல்நுனி உறைந்திருக்கக்கூடும். மேகம் மூடினாலோ அது கம்பளி போர்த்தியது போலாகும். வடகிழக்குப் பருவமழை நீடிக்கும் ஆண்டில் பனி தாமதமாக வருவது இதனால்தான். மே மாத மலர்க்காட்சிக்கு வளர்க்கும் செடிகளைத் தாவரவியல் பூங்காவினர் மிலாறு கொண்டு மூடிக் காப்பதும் இக்காலத்தில்தான். ஓர் ஊருக்குள்ளேயே மேட்டுக்கு ஒரு தேதி, பள்ளத்துக்கு ஒரு தேதி!

இன்னொன்றும் விளங்கிற்று. நூலில் அச்சிட்ட பனித் தேதி உண்மையில் ஒரு தேதியே அன்று. அது ஒரு வாய்ப்புக் கணக்கு. 'பாதிக்குப் பாதி' என்று குறித்த நாளை நம்பி நட்டால் இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டு ஏமாற நேரும். பத்தில் ஒரு பங்கு ஆபத்தே உள்ள நாள் வரை காத்திருப்பவனுக்குப் பருவம் குறுகும். ஆனால் பயிர் தப்பும். எதைத் தேர்வது என்பது கையில் எவ்வளவு விதை மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விலை கொடுத்து விதை வாங்கியவன் கதை வேறு, குதிரில் விதை வைத்திருப்பவன் கதை வேறு.

எங்கள் மலைக்கு அந்த இரண்டு தேதிகள் யாவை? கோடை மழையில் உழவு ஓடும் நாள் ஒன்று; ஐப்பசி அடைமழை இறங்கும் நாள் மற்றொன்று. முற்றிய சாமைக் கதிர் மழையில் நனைந்தால் தாள் சாயும், மணி கதிரிலேயே முளைக்கும், களத்தில் காயாது. ஆகையால் முதல் மழை காலத்தில் வந்தால் நெடுநாள் ரகம். பிந்தினால் குறுநாள் ரகம். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று எங்கள் மக்கள் பலவகை விதை வைத்திருந்தது வெறும் ஆசைக்கன்று. மேனாட்டான் பனியிலிருந்து பின்னோக்கி எண்ணினான். என் ஆயா அடைமழையிலிருந்து எண்ணினார். கணக்கு ஒன்றே.

இன்று மரவள்ளி அந்த இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. அதற்குத் தேதிக் கவலை குறைவு; சில வாரம் முன்பின்னாகப் பிடுங்கலாம், சவ்வரிசி ஆலைக்காரரும் வாங்கிக்கொள்வார். நான் குறை சொல்லவில்லை. என் படிப்புச் செலவில் பாதி மரவள்ளிதான். ஆனால் சாமை விதை வீட்டைவிட்டுப் போகும்போது இந்தத் தேதிக் கணக்கும் கூடவே போய்விடுகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து எங்கள் மலையில் சிறுதானிய விதைகளைக் காக்கும் பணியைச் செய்துவருகிறது. கணக்கைக் காப்பது வீட்டார் வேலை.

ஓர் இடத்தின் தட்பவெப்ப இயல்பைச் சொல்ல 30 ஆண்டுப் பதிவு வேண்டும் என்பது உலக வழக்கு. எங்கள் வீட்டில் பதிவேடு இல்லை, ஆயா இருக்கிறார். "ஒங்க அத்த கலியாணத்து வருசம், ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனப்பவே கதிர் வந்திருச்சு" என்பது போன்றவையே அவர் குறிப்புகள். கல்யாணம், பிறப்பு, இறப்பு இவற்றை வைத்து ஆண்டுகளைப் பிரித்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவருகிறேன்: உழவு மழை, விதைப்பு, கதிர், அறுப்பு, அடைமழை என்று ஐந்து கட்டம். இதுவரை பதினொரு ஆண்டுகள் தேறியிருக்கின்றன. சில கட்டங்கள் காலியாகவே உள்ளன. ஏற்காடு, பச்சைமலை, கல்வராயன் மலைப் பக்கமிருந்து வரும் தோழர்கள் தத்தம் வீட்டில் கேட்டு எழுதிவந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாவரவியல் துறை வராண்டாவில் மதிய வேளையில் என்னைக் காணலாம்.

அந்தத் துண்டில் அம்மா இவ்வாண்டு சாமை விதைத்து அறுத்துவிட்டார்கள். மழை விட்டபின், தை மாதம், குடத்தில் நீர் ஊற்றி ஒரு பாத்தி பீன்ஸ் மட்டும் போடலாம் என்று பேச்சு. நாளை அப்பா சொல்வார். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன்.